வியாகுலமேரி டீச்சரின் பச்சைக் கோடு

ஆசிலாஸ்கோப் என்றால் என்ன, மின் அலையை அது எப்படித் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் என்று வியாகுலமேரி ஏழு வருஷம் பாடம் நடத்தினாள். அந்த ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கை ஆசிலாஸ்கோப்பின் மீது பட்டதில்லை.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை ஒட்டி மிஷன்காரர்கள் நடத்திய ஒரு சின்ன ஐ.டி.ஐ.யில் அவளுக்கு வேலை. ரேடியோ, டிவி மெக்கானிக் பிரிவுக்கு அவள்தான் ஆசிரியை. பார்த்ததே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மதுரையில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் கண்ணாடி பீரோவிலிருந்து அந்தப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுப்பார்கள். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பேர். வியாகுலமேரி குள்ளம். அவள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்ற பெண்ணின் இரட்டைச் சடையும், அதற்கு நடுவே தெரிந்த ஒரு பச்சை வெளிச்சமும்தான். ரீடிங்கைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அதற்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வந்தது.

ஆனால் படம் வரைவாள். கரும்பலகையில் அவள் ஆசிலாஸ்கோப் வரைந்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இருபத்திரண்டு குமிழ்களையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி இழுத்துப் பெயர் எழுதுவாள். பையன்கள் அழிக்க மனமில்லாமல் இரண்டு நாள் விட்டுவைப்பார்கள். அந்தக் குமிழைத் திருப்பினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், அது அடுத்த வருஷப் பாடம் என்பாள். அடுத்த வருஷம் கேட்டால், அது போன வருஷப் பாடம் என்பாள்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருக்கலாம். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்சன் வருகிறது என்று கடிதம் வந்தது. கூடவே ஒவ்வொரு பிரிவிலும் என்னென்ன கருவி இருக்க வேண்டும் என்ற பட்டியலும் வந்தது. பதினான்காவது வரியில், ஆசிலாஸ்கோப், ஒன்று.

பிரின்சிபால் பாதர் அவளைக் கூப்பிட்டு, மதுரைக்குப் போய் நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கி வாருங்கள், உங்களைவிட அதைத் தெரிந்தவர்கள் இங்கே யார் இருக்கிறார்கள் என்றார். எனக்குத் தெரியாது பாதர் என்று சொல்ல அவளுக்கு அந்த இடத்தில் நல்ல வாய்ப்பு இருந்தது. அவள் சொன்னது, "சரி பாதர், பேண்ட்விட்த் பாத்துத்தான் வாங்கணும்" என்பது.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவது சின்னது, ஒற்றைச் சேனல். இரண்டாவது இருபது மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல். மூன்றாவது யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பெரிய வெளிநாட்டுப் பெட்டி. வியாகுலமேரி மூன்றையும் சுற்றி வந்து, சந்தைக்கு மாடு வாங்க வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, பேண்ட்விட்த் எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்னார். தலையாட்டினாள். சொன்னது அதிகமா குறைவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன வேலைக்கு மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இன்ஸ்பெக்சனுக்கு" என்றாள். வாய் முந்திக்கொண்டது.

மனிதர் சிரிக்கவில்லை. டிவி ரிப்பேர் கற்றுக்கொடுக்க இருபது மெகாஹெர்ட்ஸ் தாராளம் என்றார். டிவிக்குள் ஓடும் படச் சிக்னலே ஐந்து மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதைப்போல் நாலு மடங்கு இருந்தால் அலை உருக்குலையாமல் தெரியும் என்றார். பெரிய பெட்டியின் பிக்சர் டியூப் போய்விட்டால் மாற்று கிடைக்காது, ஆசைப்படாதீர்கள். இரண்டு சேனலாக வாங்குங்கள், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒன்றாகப் பார்க்கலாம். சர்க்யூட்டைத் தொட்டுப் பார்க்கிற ஒயரான புரோப் இரண்டு வாங்குங்கள், இரண்டும் வோல்டேஜைப் பத்துக்கு ஒன்றாகக் குறைக்கிற வகையில் எடுங்கள். இவ்வளவையும் அவர் சும்மா சொன்னார். வியாகுலமேரிக்கோ இரண்டாவது புரோப் வியாபாரத் தந்திரமாகப் பட்டது. ஒன்று போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

பெட்டியைக் கட்டும்போது அவர் இன்னொன்று கேட்டார். லேபில் ஐசொலேசன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா? இருக்கிறது என்றாள். பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருந்தது. லேபில் மூலையில் கனமாக ஒரு பெட்டியும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துகொண்டாள். கடைக்காரர் கருவியைப் போட்டுக் காட்டியபோது பச்சைக் கோடு வந்தது. எந்தக் குமிழைத் திருப்பினார் என்று அவள் கவனிக்கவில்லை. தெரிந்தவள் மாதிரி நிற்பதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது.

கம்பம் பஸ்ஸில் பெட்டியை மேலே வைக்கச் சம்மதிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் டிவியா என்று கேட்டார். டிவி இல்லை, ஆனால் அந்த மாதிரிதான் என்றாள்.

"எத்தனை சேனல்?"

"ரெண்டு."

"ரெண்டுதானா? எங்கன வாங்குனீக? எங்க வீட்ல பதினாறு வருது" என்றார் பெரியவர். தேனி வரும்வரை அவளை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை பையன்கள் இல்லாத நேரத்தில் லேபைத் திறந்து தனியாக உட்கார்ந்தாள். முதல் வேலையாக ஈரத் துணி எடுத்துப் பெட்டியைத் துடைத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொரு குமிழாகப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை இருட்டாகவே இருந்தது. ஒரு குமிழைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள், இருபத்திரண்டையும் திருப்பினாள். ஒவ்வொன்றின் பெயரும் மனப்பாடமாகத் தெரிந்ததுதான் இதில் பெரிய கொடுமை. மத்தியானம்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெட்டி செத்துவிட்டது என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை முப்பது பையன்கள் ஆவலாக வந்து நின்றார்கள். மேஜையின் மேல் பெட்டி இருந்தது, அதன் மேல் துணி இருந்தது. புதுக் கருவி என்பதால் ஒரு வாரம் ஊர்த் தண்ணிக்கும் காற்றுக்கும் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கரும்பலகைக்குத் திரும்பி இருபத்திரண்டு குமிழ்களையும் வரைய ஆரம்பித்தாள்.

அவள் கணவன் சின்னப்பராஜ் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குவது அவன் பிழைப்பு. மனைவி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாததைக் கண்டு விசாரித்தான். அவள் சொன்னதும், கம்பத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுருளியாண்டியிடம் காட்டலாம் என்றான். வியாகுலமேரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுருளியாண்டி எட்டாம் வகுப்பு. அவள் டிப்ளமோ.

"எட்டாப்புதான். ஆனா பம்பாயில பத்து வருசம் கம்பெனி சர்வீஸ்ல இருந்தாப்ல. உன் டிப்ளமோவுக்குத் தெரியலைன்னா அந்த எட்டாப்புக்குத் தெரியுதான்னு பாப்பமே" என்றான் சின்னப்பராஜ்.

ஜீப்பில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். வழி முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். பையன்கள் எதையோ திருகி விட்டார்கள் என்பது அந்தப் பொய். சுருளியாண்டி மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிப் பெட்டியைப் பார்த்தார். ஒரு பட்டனை ‘ஆட்டோ’ என்று எழுதியிருந்த பக்கம் தள்ளினார். வெளிச்சக் குமிழைக் கூட்டினார். மேலும் கீழுமாக நகர்த்துகிற குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒரு பச்சைக் கோடு திரையின் மேல் ஓரத்திலிருந்து இறங்கி வந்து நடுவில் நின்றது. மொத்தம் பத்து விநாடி ஆகியிருக்கும்.

"ஒண்ணும் ஆகல டீச்சர். கோடு மேல போயி ஒளிஞ்சுக்கிருச்சு. யாரோ எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்தி விட்டிருக்காக."

பையன்கள்தான் என்றாள். தான் துடைத்த ஈரத்துணி அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சுருளியாண்டி காசு வாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வரும்போதே, இவ்வளவுதானா, இனி நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் வந்துவிட்டது. அந்த நினைப்புதான் அடுத்த வாரம் லேபை இருட்டாக்கியது.

இன்ஸ்பெக்சனுக்குப் பத்து நாள் இருந்தது. ஹாஸ்டலிலிருந்து ஒரு பழைய கலர் டிவியைக் கொண்டுவரச் சொல்லி, முதுகு மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முப்பது பையன்களும் சுற்றி நின்றார்கள். புரோபின் முனையைச் சிக்னலிலும், அதன் கறுப்பு கிளிப்பைச் சர்க்யூட்டின் கிரவுண்டிலும் மாட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, டிவியின் பவர் சப்ளைப் பக்கத்தில் கிரவுண்டாகத் தெரிந்த தகட்டில் கிளிப்பைக் கடிக்க வைத்தாள்.

வெடி வெடித்தது. நீலமாக ஒரு வெளிச்சம். மெயின் ஃபியூஸ் போய் லேப், ஆபீஸ், சேப்பல் எல்லாம் மொத்தமாக அணைந்தன. சேப்பலில் பாட்டுப் பயிற்சியில் இருந்தவர்கள் மைக் போனது தெரியாமல் பாதி வரி பாடிவிட்டு நின்றார்கள். கிளிப்பின் பற்கள் இருந்த இடத்தில் பற்கள் இல்லை. அவள் விரலில் கரி. கை கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள், இருந்தது. புகைக்கு நடுவில் முப்பது பேர் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"இதுதான் ஷார்ட் சர்க்யூட்" என்றாள் வியாகுலமேரி.

பையன்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இருட்டில், கோடு கோணலாக.

எலக்ட்ரீசியன் பிரிவு ஆசிரியர் ஒச்சாண்டி வந்து ஃபியூஸ் கட்டினார். அவர் சொன்ன யோசனைதான் அடுத்தது. ஆசிலாஸ்கோப் பிளக்கில் மூன்றாவதாக இருக்கிற எர்த் பின்னின் ஒயரைக் கழற்றிவிட்டால் வெடிக்காது, எத்தனையோ கடையில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார். வியாகுலமேரி கழற்றினாள். டிவியின் பவர் சப்ளையில் செத்த டயோடுகளை மாற்றினாள், கிளிப்பை மாற்றினாள், திரும்பவும் மாட்டினாள். வெடிக்கவில்லை. திரையில் அலை வந்தது, அவள் கரும்பலகையில் வரைந்ததைவிட அழகாக. ஆஹா என்று பையன்கள் நெருங்கி வந்தார்கள். இன்னும் தெளிவாகக் காட்டலாம் என்று அவள் பெட்டியின் மேல் இருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்து அவர்கள் பக்கம் திருப்பப் போனாள்.

என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண் திறந்தபோது பின்னால் இருந்த ஸ்டூல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கை தோள்வரை மரத்திருந்தது. யாரோ ஒரு பையன் மெயின் சுவிட்சை அணைத்திருந்தான். செருப்பு ஒன்று மட்டும் காலில் இருந்தது. பையன்கள் பயந்துபோய் நின்றார்கள். முன்வரிசையில் நின்ற நாலைந்து பேரின் கைகள் பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்ததை அவள் பார்த்தாள்.

அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பை அத்தோடு விட்டாள். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கம்பத்துக்குப் பஸ் ஏறினாள். சுருளியாண்டி கடையில் ஒருவர் ரேடியோவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்றுகூட அவள் பொறுக்கவில்லை.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஏழு வருசமா தெரியாமத்தான் நடத்திட்டிருக்கேன். அன்னைக்குப் பையங்க திருகல, நான்தான் துடைச்சேன்."

சுருளியாண்டி இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கையைக் காட்டச் சொல்லி, நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்புறம்தான் பேசினார்.

"அந்தக் கறுப்புக் கிளிப்பு, பெட்டியோட இரும்புக்கூடு, பிளக்குல எர்த் பின்னு, மூணும் ஒரே ஒயருதான் டீச்சர். டிவியில பவர் சப்ளைப் பக்கத்துத் தகடு நேரா கரண்டோட ஒட்டிக்கிட்டு நிக்குது. அங்கன கொண்டுபோயி கிளிப்ப மாட்டுனா, கரண்டுக் கம்பிய எர்த்துல சொருகுன மாதிரி. வெடிக்கத்தான் செய்யும். எர்த்தக் கழட்டுனா வெடிக்காது. ஆனா அந்தக் கரண்டு எங்க போகும்? பெட்டி மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு யாரு தொடுவாகன்னு பாத்துக்கிட்டிருக்கும்."

அப்படியானால் என்ன செய்வது என்றாள். எர்த்தை எப்போதும் கழற்றாதீர்கள், கரண்டு லைனிலிருந்து பிரித்து வைக்க வேண்டியது டிவியைத்தான் என்றார். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு ஐசொலேசன் டிரான்ஸ்பார்மரை இழுத்துக் காட்டினார். இரண்டு சுருளும் தனித்தனி, ஒன்றை ஒன்று தொடாது, உள்ளே போகிற வோல்டேஜே வெளியேயும் வரும். மோட்டார் காயில் கட்டுகிற கருத்தக்கண்ணனிடம் சொல்லிச் செய்தது. டிவியை அதன் வழியாக ஓட்டினால் கிளிப்பைத் தகட்டில் மாட்டலாம். எங்கள் லேபிலும் ஒன்று இருக்கிறதே என்று வியாகுலமேரி ஆசையோடு சொன்னாள். மூலையில் இருக்கும் கனமான பெட்டியை அவள் விவரித்ததும், அது ஸ்டெபிலைசர் டீச்சர், உள்ளே சுருள் ஒன்றுதான், காப்பாற்றாது என்றுவிட்டார்.

டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்பதற்காக இரண்டு கையையும் உள்ளே விடக் கூடாது என்றும் சொன்னார். இரண்டு முனையையும் ஒரே ஆள் தொட்டால் அடிதான். ஒரு கை வேலைக்கு, ஒரு கை முதுகுக்குப் பின்னால். அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும், பல்ப் வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற லைன் அவுட்புட் பக்கம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் குதிக்கும், அங்கே இந்தப் புரோபைக் கொண்டுபோகவே வேண்டாம். கிரவுண்டில் கிளிப்பே மாட்டாமல், இரண்டு புரோபை இரண்டு இடத்தில் வைத்து, பெட்டியையே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்லியும் பார்க்கலாம்.

"அதுக்கு ரெண்டு புரோப்பு வேணும். உங்ககிட்ட ரெண்டு இருக்குமே?" என்றார்.

வியாகுலமேரி டீயைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் பாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார், டிரான்ஸ்பார்மருக்கும் புரோபுக்கும் கையெழுத்துப் போட்டார். சர்ச்சில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு லேசாகத் தப்பியதில்லை என்று அன்று சின்னப்பராஜிடம் சொன்னாள். கருத்தக்கண்ணன் நாலு நாளில் சுருள் கட்டிக் கொடுத்தான். எர்த் ஒயரைத் திரும்பவும் பிளக்கில் முடுக்கினாள். ஒச்சாண்டியை உட்கார வைத்து சுருளியாண்டி சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவர், எனக்கு இது தெரியும், உங்களைச் சோதித்தேன் என்றார். தன்னைப் போலவே பேசுகிற இன்னொரு ஆள் கிடைத்ததில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

இன்ஸ்பெக்சன் நாள் வந்தது. அதிகாரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு லேபுக்குள் நுழைந்தார். அவள் டிவி, டிரான்ஸ்பார்மர், இரண்டு புரோப், எல்லாவற்றையும் அடுக்கித் தயாராக நின்றாள். அவர் ஆசிலாஸ்கோப்பைத் தூரத்திலிருந்து பார்த்தார். அதன் பக்கவாட்டில் பெயின்டால் ஸ்டாக் நம்பர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். எழுதியிருந்தது. பதினான்காவது வரியில் ஒரு டிக் போட்டார்.

"போட்டுக் காட்டட்டுமா சார்?"

"வேண்டாம் மேடம், நேரமாயிருச்சு" என்றார் அவர். சொல்லும்போதே ஒரு அடி பின்னால் போனார். பாலிடெக்னிக்கில் இவரும் யாருடைய சடைக்குப் பின்னாலோ நின்றிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் சுருளியாண்டி கடையில் இரண்டு மணி நேரம் உட்கார ஆரம்பித்தாள். கம்பத்தில் பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சரம்மா டியூஷன் படிக்கிறாள் என்றார்கள். உண்மைதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்கள் வரும்போது முதல் வகுப்பில் பற்கள் உருகிப்போன அந்த கிளிப்பைக் கையில் கொடுத்துச் சுற்றவிடுவாள். அது யார் செய்தது என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கின ஒருத்தி என்பாள். அவள் வேலையில் இருந்தவரை அந்த லேபில் யாருக்கும் அடிபடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் கேலி செய்ய மாட்டாள்.

தானாகவே அவள் பழுது பார்த்த முதல் டிவி கூடலூர் அக்கம்மாளுடையது. எதிர்வீடு. படத்துக்குப் பதில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்த கேஸ். சுருளியாண்டியாக இருந்தால் பத்து நிமிஷ வேலை. வியாகுலமேரி டிரான்ஸ்பார்மர் போட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டி, புரோபை ஒவ்வொரு இடமாக வைத்துத் தேடினாள். அலை ஓரிடம் வரை ஒழுங்காக வந்து, அதற்கப்புறம் செத்துப்போவதைக் கண்டுபிடித்தாள். ஐ.சி.யை மாற்றினாள். பிக்சர் டியூபின் கழுத்துக்குப் போகிற ஒயர்களைத் திரும்ப வைத்துப் பற்றவைத்தாள். மூன்று நாள் ஆனது. அக்கம்மாள், அவர் மருமகள், தெருவில் நாலு பேர், ஜீப்பை நிறுத்திவிட்டு சின்னப்பராஜ், எல்லோரும் கூடி நிற்க சுவிட்சைப் போட்டாள்.

படம் வந்தது. செய்தி வாசிக்கிற பெண் தலைகீழாக வந்தாள். இரண்டு ஒயரை அவள் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தாள்.

அக்கம்மாள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பரவால்ல டீச்சர். ஆளு தெளிவாத்தான் தெரியுறாக" என்றார்.

வியாகுலமேரி சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பல்பை வைத்துக் கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, மறுபடியும் பற்றவைக்கும் கோலைச் சூடு பண்ணினாள்.